கத்தாத பிரேக்

கியர் சைக்கிளை ஒற்றைக் கியராக மாற்றுகிற வேலையைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்புவது, செயினில் எவ்வளவு வெட்டுவது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. சைக்கிள் கடை வைத்திருக்கிற நீங்கள் அந்த வேலையை என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். முட்டி மடங்காமல் போனதால் என் கடையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். இப்போது எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒரே ஒரு சைக்கிளைப் பற்றித்தான். அதை ஓட்டியவள் என் மகள் கோமதி.

தொண்ணூறுகளின் நடுவில் திருத்தணியில் கியர் சைக்கிள் ஒரு பித்துப்போலப் பரவியது. தடித்த டயர், நேரான கைப்பிடி, முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஒரு அடுக்கு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை ஒரே கியரில்தான் ஓட்டினார்கள். மழையும் செம்மண்ணும் பட்டதும் செயின் தானாகவே பல் தாண்ட ஆரம்பித்தது. சில வருஷங்களில் அதே சைக்கிள்கள் வரிசையாக என் கடைக்கு வந்தன. "இதெல்லாம் கழட்டிக் கடாசிட்டு சாதா சைக்கிளா பண்ணிக் குடுங்க" என்பார்கள். கழற்றிக் கழற்றி என் கடைக்குப் பின்னால் கியர்க் கம்பிகள் புதர்போலக் கிடந்தன.

என் பாவாவும் அப்படி ஒரு சைக்கிள் வைத்திருந்தார். என் அக்காவின் வீட்டுக்காரர், மணவூர்ப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். வயலுக்கும் ஸ்டேஷனுக்கும் போய்வர வாங்கியது. ஒருநாள் பின்னால் புல்லுக்கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்தபோது சைக்கிள் கியர் பக்கமாகவே சாய்ந்து, கியர் மாற்றும் கை வளைந்து பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. அன்றோடு அதை மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டார். கோமதி அரக்கோணத்தில் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது, தினமும் ஸ்டேஷனுக்குப் போக அவளுக்கு ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. பாவா அதை ஒரு வைக்கோல் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார்.

"கொழந்தைக்கு ஆவும் மச்சான். எலும்பு நல்லாத்தான் கீது."

எலும்பு, அதாவது சட்டம், நன்றாகத்தான் இருந்தது. பின்சக்கர அச்சு உட்காரும் வாய் சற்றுச் சாய்வாக வெட்டியிருந்ததால், சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கிக்கொள்ளலாம். ஒற்றைக் கியராக மாற்றத் தோதான சட்டம். வேலையைக் கோமதியே செய்வதாகச் சொன்னாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே கடையில் பஞ்சர் ஒட்டியவள்தான். நான் சரி என்றேன்.

சண்டை ஃப்ரீவீலில் வந்தது, பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரத்தில். சாதாரணமாக எல்லாச் சைக்கிளுக்கும் போடுகிற சின்ன ஃப்ரீவீலை எடுத்து வைத்தேன். அவள் பெரியது வேண்டும் என்றாள். பின்னால் பல் கூடக்கூட மிதிப்பது லேசாகும், மேட்டில் ஏற வசதி. சமதளத்தில் காலை நிறையச் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

"ஸ்டேஷனுக்குப் போறதுக்கு எதுக்கும்மா பெருசு? வீணா கால் சுத்திகினு கெடப்ப."

"ஸ்டேஷனுக்கு மட்டுமா போவப் போறேன்?"

"வேற எங்க?"

"மலைக்கு."

நான் சின்ன ஃப்ரீவீலுக்குக் கிரீஸ் வைக்க ஆரம்பித்தேன்.

"நைனா, நான் மலையேறக் கூடாதுன்னுதானே சின்னது போடற?"

"ஆங்."

"அப்ப அத்த நேரா சொல்லு. ஃப்ரீவீல் தலைல எதுக்குக் கட்டற?"

கடையில் உட்கார்ந்திருந்த பாவா சிரித்துவிட்டார். "வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும் மச்சான் இத்த."

என் கணக்கு எளிமையானது. எங்கள் மலைக்குப் பேருந்து போகிற சாலை உண்டு. ஏறுவதில் ஆபத்து இல்லை. இறங்குவதில்தான். ஒற்றைக் கியரில் சின்ன ஃப்ரீவீல் போட்டால் அவளால் ஏற முடியாது. ஏற முடியாதவள் இறங்க வேண்டியதும் இல்லை. ஒரு தகப்பனுக்கு இதைவிட ஒழுங்கான கணக்கு அகப்படாது என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. தன் சிநேகிதி ஒருத்தியிடம் சொல்லிச் சென்னையிலிருந்து பெரிய ஃப்ரீவீலை வரவழைத்தாள். அச்சில் வாஷர்களை இடம் மாற்றி, முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டில் வரும்வரை ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்து, செயினை அளந்து மாட்டினாள். எனக்கு மிச்சமிருந்த வேலை பிரேக் ஒன்றுதான். நான்கு பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போட்டுக் கம்பியை இறுக்கிக் கொடுத்தேன்.

அந்த மாதம் விடியற்காலைகளில் அவள் மலைக்குப் போக ஆரம்பித்தாள். நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு கூடவே போவேன். சைக்கிளின் வேகத்துக்கு மேட்டில் மொபெட் திணறும். அதனால் நான் முந்திப் போய் மேலே டீக்கடை பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் பாதி மிதித்து, பாதி தள்ளிக்கொண்டு, முகம் சிவந்து வந்து சேருவாள். இறங்கும்போது நான் அவளுக்குப் பின்னால் வருவேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் புது ரப்பர் கட்டை இரும்பு ரிம்மில் உரசி, கீச்சென்று ஒரு சத்தம் எழும். மலை முழுக்கக் கேட்கிற சத்தம். டீக்கடைக்காரர் அதைக் கேட்டு, "உங்க பொண்ணு எறங்குதா, எருமைக் கன்னு கத்துதா?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அது வந்துகொண்டிருக்கும்வரை வளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று இருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாளே பாவா வந்துவிடுவார். எங்கள் கடையில் அன்றைக்கு அவர்தான் தலைமை. ஸ்பேனர், சுத்தியல், பம்பு, செயின் வெட்டுகிற கருவி எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். நாங்கள் யாரும் அவர் கையிலிருந்து துணியை வாங்கியதில்லை. வருஷாவருஷம் நடப்பதுதான். கலப்பைக் கொழு, மண்வெட்டி, பம்புசெட் என்று அவர் வீட்டிலும் அப்படித்தான் செய்வார். இரும்பு என்றால் எண்ணெய் என்பது அவருக்குக் கை பழகிய விஷயம்.

அந்த வருஷம் பூஜையில் கோமதியின் சைக்கிளும் கருவிகளுக்கு நடுவே நின்றது. கைப்பிடியில் செவ்வந்திச் சரம், நடுக்கம்பியில் பொட்டு. நன்றாகப் பளபளத்தது. நான் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது துடைத்து முடித்திருந்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சைக்கிளை வெளியே எடுத்தாள். முதல் ஓட்டம் மலைக்குத்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தாள். பாவா வாசலில் நின்று, "முருகன்கிட்ட என் முட்டி வலியும் சொல்லிட்டு வாம்மா" என்றார். நான் மொபெட்டைக் கிளப்பினேன்.

ஊருக்குள் அவள் பிரேக்கைப் பெரிதாகத் தொட வேண்டிய இடமே இல்லை. அதற்குப் பிறகு மேடு. மேட்டில் யாருக்கும் பிரேக் வேண்டாம். அன்று அவள் ஓர் இடத்திலும் இறங்கித் தள்ளாமல், நடுவில் மூச்சு வாங்க மட்டும் நின்று, முழுக்க மிதித்தே மேலே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாமி கும்பிட்டோம். டீக்கடைக்காரர் அவளிடம் காசு வாங்கவில்லை.

இறங்கும்போது வழக்கம்போல நான் பின்னால் வந்தேன். விசேஷ நாள் என்பதால் சாலையோரம் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். முதல் வளைவு வந்தது. சத்தம் வரவில்லை.

இதை நான் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வர வேண்டிய இடத்தில் ஒரு சத்தம் வரவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். பின் பிரேக் கட்டைகள் ரிம்மைக் கவ்விப் பிடித்திருந்தன. அவள் இரண்டு கையாலும் பிரேக்கை இறுக்கியிருந்தாள். சக்கரம் அவற்றுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் வளைவை அகலமாக எடுத்துச் சமாளித்துத் திரும்பினாள். அதற்குப் பிறகு வேகம் கூடியது.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் வாயில் வருவது, "பிரேக்கப் புடி!" என்பதுதான். பிடித்துக்கொண்டிருக்கிறவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? "குதி" என்று கத்தலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைப்பிடிச் சுவர். எங்கே குதிப்பாள்? மொபெட்டை முறுக்கி முன்னால் போய், அவள் என்மேல் மோதட்டும் என்று நிற்கலாம். அதையும் யோசித்தேன். நான் முந்தினால் அவள் கண் என் பக்கம் திரும்பும். சாலையை விட்டு அவள் கண் ஒரு நொடி விலகினாலும் முடிந்தது.

எல்லாவற்றையும்விட, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றுதான் தோன்றியது. கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளை.

நான் கூப்பிடவில்லை. ஹாரனை மட்டும் அழுத்தினேன், விடாமல். அது அவளுக்கு அல்ல, முன்னால் நடப்பவர்களுக்கு. ஆட்கள் திரும்பிப் பார்த்து ஓரமாக ஒதுங்கினார்கள். கீழே இருந்து ஏறி வந்த பேருந்து ஒன்று, என்னவோ ஏதோ என்று அடுத்த வளைவுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. அவளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வளைவை அகலமாக எடுக்க இனி இடமில்லை.

அப்போது அவள் செய்த காரியம் எனக்குப் புரியவில்லை. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையை விட்டு மலைப்பக்கமாகத் திருப்பினாள். பாறையில் மோதப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் விரல் ஹாரனிலிருந்து எடுபட்டது எனக்கே தெரியாது. அங்கே பாறை இல்லை. இரண்டு புதருக்கு நடுவே ஒரு மண் பாதை. தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிப் போகிற பாதையாம். செங்குத்தான ஏற்றம், காலுக்கடியில் சரளை. சைக்கிள் அதில் பாய்ந்து ஏறி, ஏற ஏற வேகம் செத்து, கடைசியில் நிற்க முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

நான் மொபெட்டை எப்படி நிறுத்தினேன் என்று நினைவில்லை. ஓடியபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது. முழங்கையில் மண். அவ்வளவுதான்.

"ஹாரன் நீதானா நைனா?"

"ஆங்."

"ஏன் என்னக் கூப்புடல?"

"திரும்பிப் பாத்திருப்ப."

அவள் யோசித்துவிட்டு, "பாத்திருப்பேன்" என்றாள். பிறகு சாய்ந்து கிடந்த சைக்கிளின் ரிம்மை விரலால் தடவி முகர்ந்தாள். என் பக்கமாக விரலை நீட்டினாள். நல்லெண்ணெய். பூஜைக்கு விளக்கில் ஊற்றின எண்ணெய்.

"மாமா" என்றாள்.

சட்டையைக் கழற்றி ரிம்மைத் துடைக்கப் போனேன். துணியால் துடைத்தால் போகாது, மண்ணெண்ணெயும் சோப்பும் வேண்டும் என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நைனா, வுடு."

"இனிமே மலைக்கு வேணாம்மா. போய் அந்தச் சின்ன ஃப்ரீவீலப் போட்டுடறேன்."

அவள் கையிலிருந்த சரளைக் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"இந்த வழி இங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. பிறந்ததிலிருந்து அந்த மலைக்குப் போய்வருகிறேன். பேருந்தில் போயிருக்கிறேன், மொபெட்டில் போயிருக்கிறேன். அப்படி ஒரு பாதை இருப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஏறும்போது மூச்சு வாங்க இங்கதான் நிப்பேன். தெனம் இந்த மேட்டப் பாத்துகினுதான் தண்ணி குடிப்பேன். ஏறுனதாலதான் நைனா தெரிஞ்சுது."

என் ஒழுங்கான கணக்கு அந்தச் சரளையில் உட்கார்ந்திருந்தது. ஏற முடியாதவள் இறங்க வேண்டியதில்லை என்று போட்டேன். இறங்கும்போது அவளைக் காப்பாற்றியது அவள் ஏறின ஏற்றம்தான். அன்றைக்கு அவளிடம் நான் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு நடந்தேன். மொபெட்டை அவள் ஓட்டிக்கொண்டு எனக்கு முன்னால் மெதுவாகப் போனாள். வளைவில் நின்ற பேருந்தின் ஓட்டுநர் தலையை நீட்டி, "யோவ், ஹாரன் அமுக்கி அமுக்கி காதக் கிழிச்சிட்டியே" என்றவர், அவள் கையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கடை வாசலில் பாவா விபூதிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கோமதியின் கையைப் பார்த்ததும் நீட்டின கை அப்படியே நின்றது. என்ன நடந்தது என்று அவள்தான் சொன்னாள், பாதியைக் குறைத்து. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பிரேக்கு கத்துதேன்னு... வயசுப் பொண்ணு போவுது, தெருவே திரும்பிப் பாக்குதேன்னு... வண்டி அச்சு கத்துனா எண்ணெ வுடறதுதானே மச்சான். சாமிக்கு வெச்ச எண்ணெதான் வுட்டேன்."

எனக்கு அவரிடம் சொல்ல நிறைய இருந்தது. வழி முழுக்க அதை வரிசைப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், மலையில் ஹாரனை அழுத்தியபோது இருந்த அதே நிலைமை இது என்று தோன்றியது. நான் கத்துவதால் எந்தச் சக்கரமும் நிற்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தேன். அவர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, இரண்டு ரிம்மையும் தானே கழுவினார். கழுவி, சோப்புப் போட்டு, திரும்பக் கழுவினார். எண்ணெய் ஊறிய பிரேக் கட்டைகளை நான் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை மாட்டினேன். கோமதி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அது கத்தியது. பாவா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சின்ன ஃப்ரீவீல் மேஜைமேல் கிரீஸோடு அப்படியே இருந்தது. நான் அதைத் துடைத்து, விற்பனைக்கு மாட்டியிருக்கும் கம்பியில் மாட்டினேன். கோமதி அதைப் பார்த்தாள்.

அடுத்த ஆயுத பூஜையில் பாவா எண்ணெய்த் துணியோடு சைக்கிள் பக்கம் போனார். கோமதி கருவிகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். "மாமா, ரிம்முல கை வெச்சா, உங்களத்தான் சீட்டுல உக்கார வெச்சி மலைலேர்ந்து தள்ளி வுடுவேன்."

"நான் ஆண்டில்பார்ல தடவலாம்னுதான் வந்தேன்" என்று அவர் கைப்பிடியைக் காட்டினார். அதையும் தடவ விடவில்லை.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்கலாம். ஒற்றைக் கியராக மாற்றும்போது நிறையக் கழற்றுகிறோம். கழற்றின பிறகு சைக்கிளில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று கைவிட்டாலும் அதைத் தாங்க வேறொன்று இல்லை. அதனால் பூஜை முடிந்த சைக்கிள், கல்யாணத்துக்கு அலங்கரித்த சைக்கிள், வீட்டில் அன்பாகத் துடைத்துக் கொடுத்த சைக்கிள் எதுவாக இருந்தாலும், வெளியே விடுமுன் ரிம்மை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். ஃப்ரீவீல் எது என்று முடிவு செய்யும்போது, ஓட்டுகிறவர் எங்கே போக விரும்புகிறார் என்று கேளுங்கள். அவர் எங்கே போகக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றுவதை அதில் சேர்க்காதீர்கள். அப்பாமார்கள் வந்து, "வேகமாப் போவாத மாதிரி பண்ணிக் குடு" என்பார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

கோமதி இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை ரயிலில் வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். மொபெட் ஓட்ட என் முட்டி இடம் தருவதில்லை. நான் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன். தெருமுனையில் கீச்சென்று அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் படிக்கத் தொடங்குவேன்.

பிரேக் கத்துகிறது, நிறுத்திக் கொடுங்கள் என்று யாராவது வந்தால் நிறுத்திக் கொடுங்கள், அது உங்கள் தொழில். ஆனால் அந்தச் சத்தத்துக்காக வீட்டில் யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.